நூற்றெண்பது வரிசை

அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கூப்பாடு போடுவார்கள். வெளியே நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் காதைக் குடைவார்கள். மனிதர் அலட்டிக்கொள்ளவே மாட்டார். பையைக் கீழே வைப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார், "நிதானம், நிதானம்" என்று யாருக்கோ சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு மாடியேறுவார். பத்து நிமிடத்தில் பெட்டி இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு விபத்து நடந்தது அவசரத்தால்தான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில், கயிறு ஓடும் சக்கரத்தில் ஒரு துணிக்கந்தல் சிக்கியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். அன்றைக்கு என்னவோ, ஒரு நொடி வேலைதானே என்று நினைத்துவிட்டார். அந்த ஒரு நொடியில் ஏழாவது மாடியில் யாரோ பட்டனை அழுத்தினார்கள்.

வலது கையில் மூன்று விரல் எலும்பு நொறுங்கிப் போனது. இரண்டு அறுவை சிகிச்சை, நான்கு மாதம் கட்டு. கட்டைப் பிரித்தபோது கை இருந்தது, ஆனால் அது யாரிடமோ இரவல் வாங்கிவந்த கை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தால் அது பாட்டுக்கு நழுவிக் கீழே விழும். கம்பெனியில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள்: கை சரியானதும் வாங்க, அதுவரைக்கும் வீட்டில் இருங்க. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பகல் முழுக்க வீட்டில் இருந்தார்.

மனைவி தபாலாபீஸில் கவுன்டர் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்கு வருவாள். குழந்தைகள் கிடையாது. பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் முந்நூறு தடவை அமுக்கச் சொல்லியிருந்தாள். மூன்றாவது வாரமே அந்தப் பந்தைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் வெந்நீர்ப் பை தேடப் போய் அலமாரி மேல் தட்டைக் குடைந்தபோது, துணிப்பை ஒன்று தலையில் விழுந்தது. உள்ளே சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் நூல்கண்டுகள். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மெல்லிய வயரால் இணைத்த இரண்டு பின்னல் ஊசிகள்; அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே எட்டுப் பக்கக் காகிதம். அதைப் பிரித்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்குள் வட்டம், சாய்ந்த கோடு, புள்ளி. ஓரத்தில் வரிசை எண். ஒன்றிலிருந்து நூற்றெண்பது வரை.

மற்றவர்களுக்கு அது எறும்பு ஊர்ந்த காகிதம். அவருக்கு அது வயரிங் படம். வெந்நீர்ப் பையை மறந்தே போனார்.

சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்: "இது என்னதும்மா?"

"ஐயோ, அதை ஏன் எடுத்தீங்க? லேஸ் சால்வை. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சேன். பதினோராவது வரிசையிலேயே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்."

"உனக்கே வரலையா? நீதான் ஸ்வெட்டர்லாம் பின்னுவியே."

"ஸ்வெட்டர் வேற, இது வேற. அதுல தூங்கிக்கிட்டே பின்னலாம். இதுல ஒரு கண்ணி தப்பினா மொத்தமும் போச்சு. வேணும்னே ஓட்டை போட்டுப் பின்னணும், ஆனா எந்த ஓட்டை நாம போட்டது, எந்த ஓட்டை தானா விழுந்ததுன்னே தெரியாது."

"எனக்குச் சொல்லிக் குடு."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. "முதல்ல காபி குடிச்சுக்கறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தடித்த கம்பளி நூலில் நேர்ப் பின்னலையும் எதிர்ப் பின்னலையும் காட்டிக் கொடுத்தாள். அவருடைய முதல் சதுரம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி இருந்தது. ஆனால் பந்தை முந்நூறு தடவை அமுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த விரல்கள், ஊசியைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தன. ஒரு மாதத்தில் பதினாறு சதுரம். பதினாறாவதை அளவுகோல் வைத்து அளந்து, நாலு பக்கமும் ஒன்றாக வந்ததைப் பார்த்த பிறகுதான் மெல்லிய நூலை எடுத்தார்.

அந்தச் சால்வை ஐந்து கண்ணியில் தொடங்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நான்கு கண்ணி கூடிக்கொண்டே போகும். கடைசி வரிசையில் முந்நூற்று அறுபத்தைந்து. ஆக, முன்னேற முன்னேற ஒவ்வொரு வரிசையும் நீளும். பாதி வரிசை முடித்தவன் பாதி வேலை முடித்தவன் அல்ல. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் தொடங்கினார்.

முதல் தடவை இருபத்து மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி குறைந்தது. எங்கே போனது என்று ஒரு நாள் பூராவும் தேடினார். கடைசியில் உருவிப்போட்டார்.

இரண்டாம் தடவை வேகம் கூடியது. இலை இலையாக ஒரு வேலைப்பாடு எழும்பி வருவது தெரிந்தது. அறுபத்து நான்காவது வரிசை முடித்துச் சோபாவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் மச்சினன் வந்தான். டயர் கடை வைத்திருக்கிறவன். அவன் வந்தால் பத்துப் பேர் வந்த மாதிரி.

"என்ன மாமா இது, கொசுவலையா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஊசியைப் பிடித்து மேலே தூக்கினான்.

சமையலறை வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கிய பக்கம் வழுக்கி, மறுபக்க ஊசி சத்தமில்லாமல் கண்ணிகளிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. முப்பது, நாற்பது கண்ணி அந்தரத்தில் நின்றன. மச்சினன் பதறிப்போய்த் திரும்ப மாட்டப் பார்த்தான். அவன் விரல் பட்ட இடமெல்லாம் ஏணி ஏணியாகக் கீழே ஓடியது.

"மாமா... நான் வேணும்னு பண்ணலை."

"தெரியும். அப்படியே கீழ வை."

"ஏதாவது பசை போட்டு ஒட்டலாமா?"

"மாப்ள, கீழ வை."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மச்சினனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கொடுத்த டீயை வேகமாகக் குடித்து, வாயைச் சுட்டுக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிப் போனான்.

அவ்வளவு மெல்லிய நூலின் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உருவுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. அறுத்துவிடாமல், சிக்கெடுத்து, மறுபடி கண்டாகச் சுற்றிப் பையில் போட்டு, பையை அலமாரி மேல் தட்டில் வைத்தார். இரண்டு வாரம் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது பிசியோதெரபிப் பெண் விரல்களை மடக்கி, நீட்டி, அளந்து பார்த்தாள். "போன தடவைக்கு ரொம்ப முன்னேற்றம் சார். பந்து வேலை செய்யுது."

"பந்து இல்லம்மா" என்றவர், என்ன என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டு, பிறகு சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, "இது மட்டும் நேரா வராது சார். கொக்கி மாதிரி வளைஞ்சேதான் இருக்கும். பொய் சொல்லி உங்களை ஏமாத்த விரும்பலை" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இறங்குகிற லிஃப்டில் ஒரு சின்னக் குலுக்கல். பக்கத்தில் நின்ற அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கயிறு கியிறு அறுந்துடுமோ?" என்றாள்.

"அறுந்தாலும் பயமில்லைங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்ல ஆரம்பித்தார். "கயிறு அறுந்தா பெட்டி கீழ வரைக்கும் போகாது. வேகம் கூடின உடனே அடியில ரெண்டு தாடை இருக்கு, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். எங்க பிடிக்குதோ அங்கயே நின்னுடும்..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். தரைத்தளம் வந்து கதவு திறந்து அந்த அம்மாள் போயே போய்விட்டாள். அவர் மட்டும் லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். கீழ வரைக்கும் ஏன் போகணும்? நடுவில் கவ்விப் பிடிக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதானே!

வழியில் ஒரு தையல் கடையில் வெள்ளை நிறத்தில் வழுவழுப்பான மெல்லிய நூல் வாங்கினார். மூன்றாம் தடவை ஐந்து கண்ணியில் தொடங்கினார். பத்தாவது வரிசை முடிந்ததும், தையல் ஊசியில் அந்த வெள்ளை நூலைக் கோத்து, பின்னல் ஊசியில் இருந்த அத்தனை கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட்டார். அதற்கு மேல் எது நழுவினாலும் அந்த நூலில் வந்து நின்றுவிடும். இருபதாவது வரிசையில் இன்னொன்று.

மனைவி பார்த்துவிட்டு, "அட, இதை எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. நான்தான் சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டேன். சரி, ஒண்ணு போதுமே, பழசை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஒத்தைக் கயிறை நம்புறவன் மெக்கானிக்கே இல்லை." மேலே புதிதாக ஒன்று ஓட்டினாலும், அதற்கு முந்தையதை அவர் உருவ மாட்டார். எப்போதும் இரண்டு.

வளைந்த விரல் கதை இங்கேதான் திரும்பியது. நூலைச் சீரான இறுக்கத்தில் பிடிப்பதுதான் எல்லோருக்கும் தகராறு. விரலில் சுற்றுவார்கள், நழுவும். இறுக்குவார்கள், கண்ணி திணறும். அவருக்கு மோதிர விரல் கொக்கியாகவே நின்றுவிட்டது. நூல் அதன் வளைவில் போய் உட்கார்ந்து, ஒரே சீராக ஓடியது. கண்ணிக்குக் கண்ணி வித்தியாசம் இல்லை. "என் கைக்கு இப்படி வர மாட்டேங்குதே" என்று மனைவி பொறாமையோடு சொன்னபோது, அந்த விரலைப் பற்றி யாராவது பொறாமைப்படுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

சாயங்காலங்களில் அவளும் கூடச் சேர்ந்தாள். அவர் பின்னுவார், அவள் காகிதத்தை வைத்துக்கொண்டு வாசிப்பாள். "மூணு நேர், ஒரு சுத்து, ரெண்டைச் சேர்த்து ஒண்ணு, அஞ்சு நேர்..." வரிசை முடியும்வரை வேறு பேச்சுக் கூடாது என்று சட்டம். ஒருநாள் நடு வரிசையில் அவள், "பால்காரர் நாளைக்கு..." என்று தொடங்கி, அவர் பார்த்த பார்வையில், "...வர மாட்டாராம், ஒரு சுத்து, ரெண்டைச் சேர்த்து ஒண்ணு" என்று முடித்தாள். கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருடத்தில் இத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை, வரிசை முடிந்திருக்கவில்லை.

மச்சினன் ஒரு மாதம் தலைகாட்டவில்லை. பிறகு போன் பண்ணினான். "மாமா, எத்தனையாவது வரிசை?" மறுநாளும் பண்ணினான். டயர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான். பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிற லாரி டிரைவர்கள்கூட, "உங்க மாமா நூறைத் தாண்டிட்டாரா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தான்.

நூற்றிருபத்தாறாவது வரிசையில், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது அது தெரிந்தது. வரிசையாக வலப்பக்கம் சாய்ந்திருந்த இலைகளில் ஒன்று மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பதினேழாவது வரிசையில் நடந்த தப்பு.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவளுக்குக் கண்ணில் பட்டது. "இதையா? இதை யாருங்க பார்க்கப் போறாங்க?"

"லிஃப்டுல ஏறுறவங்க யாரும் மெஷின் ரூமைப் பார்க்கிறதில்லை."

"இது லிஃப்ட் இல்லீங்க. யாரும் கீழ விழ மாட்டாங்க. வெள்ளை நூல் இருக்கற நூத்துப் பத்துக்கு இறங்கணும். பதினாறு வரிசை. ஏறக்குறைய நாலாயிரம் கண்ணி. யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. உண்மையில் அவருக்கும் விட்டுவிடத்தான் ஆசை. கை வலித்தது, கண் எரிந்தது. ஆனால் மெஷின் அறையில் அந்தத் துணிக்கந்தலைப் பார்த்த நொடியில் தோன்றிய நினைப்பும் இதே மாதிரிதான் இருந்தது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற அந்த நினைப்பு. மூன்றாம் நாள் காலை, மனைவி ஆபீஸ் கிளம்புமுன், "கொஞ்சம் இரு" என்றார். அவள் வாசலில் பையோடு நிற்க, ஊசியை மொத்தமாக உருவிவிட்டு நூலை இழுக்கத் தொடங்கினார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரசரவென்று வரிசைகள் கரைந்தன. நூற்றிருபதாவது வரிசையில் ஓடியிருந்த வெள்ளை நூலை அவரே உருவிவிட்டுக் கீழே போனார். பிறகு நூற்றுப் பத்தில், அடுத்த வெள்ளை நூலில், பின்னல் டக்கென்று நின்றது. ஒரு கண்ணிகூட அதற்குக் கீழே இறங்கவில்லை.

"பிடிச்சுது பார்த்தியா?" என்றார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்திருக்கவில்லை. நாலாயிரம் கண்ணியைக் காவு கொடுத்துவிட்டு இந்த மனிதர் சிரிக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்கு அவள் ஆபீஸுக்குக் கால் மணி நேரம் தாமதம்.

அந்தப் பதினாறு வரிசையைத் திரும்பப் பின்ன மூன்று வாரம் பிடித்தது. அதன்பிறகு தவறு நேரவில்லை என்று சொல்ல முடியாது. நேர்ந்தபோதெல்லாம் இறங்கினார், ஏறினார். கடைசி வரிசைகளில் ஒரு வரிசைக்கே முக்கால் மணி நேரம். தொடங்கிப் பதினான்கு மாதம் ஆனபோது, நூற்றெண்பதாவது வரிசையை முடித்து, கண்ணிகளை மூடி, நூலைக் கத்தரித்தார்.

கையில் எடுத்துப் பார்த்தால் சப்பென்று ஆகிவிட்டது. சுருங்கி, சொரசொரவென்று, கசக்கிப் பாக்கெட்டில் வைத்த கைக்குட்டை மாதிரி இருந்தது. இலையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. "இதுக்கா?" என்றார் மெதுவாக.

"பதறாதீங்க. இன்னும் முடியலை" என்றாள் மனைவி. இந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சால்வையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தை மேல் விரித்தாள். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஓரத்தை இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தினார்கள். இழுக்க இழுக்க அது கொடுத்துக்கொண்டே போனது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. மூடிக்கிடந்த ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. இலைகள் பிரிந்தன, நரம்பு தெரிந்தது, விளிம்பில் பல் பல்லாக வளைவுகள் நின்றன. இருநூற்றுப் பத்தாவது குண்டூசியைக் குத்திவிட்டு அவர் எழுந்து நின்று பார்த்தார். கட்டில் முழுக்க விரிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வழியாக மெத்தை விரிப்பு இலை இலையாகத் தெரிந்தது.

மத்தியானம் மச்சினன் வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தான். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அக்காவே கவலைப்பட்டுப்போய், "உடம்பு சரியில்லையாடா?" என்று கேட்டாள். அவன், "மாமா, கடைக்கு வர்றவங்க கேப்பாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? தொட மாட்டேன்" என்றான்.

அடுத்த மாதம் அவர் கம்பெனிக்குத் திரும்பினார். கை முழுசாக வரவில்லை; கனமான கயிற்றைத் தூக்கும் பிடி போனது போனதுதான். ஆனால் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பிரித்துப் பழுதுபார்க்கிற மேஜைக்கு அவரைப் போட்டுப் பார்த்தார்கள். குண்டூசித் தலையளவு திருகாணிகள், முடியளவு கம்பிகள். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்கிற வேலையை அவர் சாதாரணமாகச் செய்தார். மேற்பார்வையாளர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கயே இருந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சால்வையை மனைவி மெல்லிய காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு குளிர்ந்த காலையில் தானே எடுத்து அவள் தோளில் போட்டார்.

"வேணாங்க, ஆபீஸ்ல எங்கயாவது மாட்டிக்கும். பதினாலு மாச உழைப்பு."

"அலமாரிக்கா குளிருது? போட்டுக்கத்தானே பின்னினேன்."

அவள் போட்டுக்கொண்டு போனாள். கவுன்டரில் பார்சல் அனுப்ப வந்த ஒரு பெண்மணி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் பின்னினது" என்றதும் அந்தப் பெண்மணி நம்பாமல் சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இவள் அவர்களுக்காக எழுந்து நின்று, முழுசாக விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் ஓரம் மாட்டி, ஒரு இழை விரல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

சாயங்காலம் முகம் செத்துப்போய் வந்து நின்றாள். அவர் சால்வையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இழுத்துக்கொண்ட இழையைப் பின்னல் ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிக்குத் தள்ளி, அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததற்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் எங்கே இழுத்தது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கும் குளிரும்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, அதை மடித்து அவள் ஆபீஸ் பையின் மேல் வைத்தார்.